நிகழ்வு எதுவும் இல்லை

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

குருவியின் கண்ணுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

குருவி யார் என்று உனக்குத் தெரியாது. முதலில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், கோபப்படாதே. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நீ பழகிய அதே ஜூடோ கிளப்பில்தான். மாஸ்டரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார். "பெரியவ இருந்த இடம்மா, சின்னவளும் நம்ம பிள்ளதானே" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் இப்போது சொல்ல வேண்டாம், நீ குதிப்பாய் என்றும் அவள்தான் சொன்னாள். படிப்பை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு யார் வேலை தருவார்கள்? பயிற்சி விரிப்பைத் துடைக்கிறேன், செருப்பு அலமாரியை ஒழுங்கு செய்கிறேன், வருகைப் பதிவு எழுதுகிறேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

குருவி ஜெராக்ஸ் கடைக்காரரின் மகள். பதினோரு வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர். இந்த வாரம் ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தவள் அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். "அக்கா, என் ஷூ எது?" என்று கேட்டாள். பச்சை லேஸ் போட்டது அவளுடையது ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தேன். குனிந்து மாட்டிவிடும்போது பார்த்தேன். கண்ணுக்குக் கீழேயும் இமைக்குள்ளேயும் சிவப்புப் பேனா முனையால் குத்திக் குத்தி வைத்த மாதிரி. "என்னடி இது?" என்றேன். "வேர்க்குருக்கா" என்றாள். குருவியிடமிருந்து ஒரே வார்த்தை!

உனக்கும் ஒரு தடவை அப்படி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் வேர்க்குரு என்றுதான் சொன்னாய். அம்மா பவுடர் போட்டுவிட்டாள். அக்கா, வேர்க்குரு இமைக்குள் வருமா?

போனில் கேட்டிருப்பேன். அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதோடு எழுதினால்தான் எனக்கு முழு வாக்கியம் வரும், உனக்குத் தெரியும். நீ ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டிலில் உன் பக்கம் நான் உருண்டு போவதே இல்லை. வந்து பார்.

உன்,
பூச்சி

ஜூன் 12

அடி பூச்சி,

உனக்கு வாய் கிடையாது, ஆனால் உன் பேனாவுக்கு வாய் காதுவரைக்கும் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். விடுதியில் என் அறைத்தோழிகள் எட்டுப் பேரும் "காதல் கடிதமா?" என்று பிடுங்கப் பார்த்தார்கள். "என் தங்கச்சி" என்றதும் சுவாரசியம் போய்விட்டது.

நான் நன்றாக இருக்கிறேன். மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவுதான் இன்னும். வார்டன் அம்மா குறட்டை விட்டால் தகரக் கூரை ஆடும். சாப்பாட்டில் உப்பு இருந்தால் காரம் இருக்காது, காரம் இருந்தால் உப்பு இருக்காது. மற்றபடி குறை இல்லை.

வேலைக்குச் சேர்ந்ததை என்னிடம் மறைத்தது தப்பு. அம்மாவோடு நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை முகம் குப்புற விழுந்திருக்கும், அல்லது ரொம்ப நேரம் தலைகீழாக நின்றிருக்கும். அப்படியும் புள்ளி வரும். நீ தோண்டாதே. அங்கே தோண்டுகிற வேலை உன்னுடையது இல்லை, துடைக்கிற வேலைதான் உன்னுடையது.

ஒன்று மட்டும் செய். வியாழக்கிழமை சாயங்காலம் லீவு கேள். வயிற்றுவலி என்று சொல், எதையாவது சொல். ஏன் என்று என்னைக் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கிழமையை எழுதவே இல்லை. உன் கடிதம் வந்ததும் நான் எழுதியதை மனதுக்குள் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். "இந்த வாரம் ஒரு நாள்" என்றுதான் எழுதியிருந்தேன்.

ஆமாம், வியாழக்கிழமைதான். லீவு கேட்க வாய் வரவில்லை. மாஸ்டரின் மனைவி அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால் வியாழக்கிழமையை நன்றாகக் கவனித்தேன்.

மற்ற நாட்களில் ஹாலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிடியில் மாட்டியவர் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பிடித்தவர் அந்த நொடியே விட வேண்டும். நீதான் எனக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தாய், கட்டிலில் என் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. இருபது பிள்ளைகள் பழகும்போது ஓட்டுமேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் செருப்பு அடுக்குவேன்.

வியாழக்கிழமை ஐந்திலிருந்து ஆறு மணிவரை தேர்ந்தெடுத்த ஏழு பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு. பிரவுன் பெல்ட் போட்ட ஒரு பெரிய பெண்ணும் கூட இருப்பாள். கண்ணாடிச் சுவர் முழுக்கத் திரை இழுத்துவிடுவார்கள். பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதாம், கவனம் சிதறுமாம். கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் சத்தமே இல்லை. ஒரு தட்டுக்கூட இல்லை, அக்கா. ஏழு பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஜூடோ பழகி ஒருவர்கூடத் தட்டாமல் இருப்பார்களா? மாஸ்டரின் குரல் மட்டும் மெதுவாக எண்ணுகிறது. குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற குரல். அதைக் கேட்டு எனக்கே ஒரு தடவை கண் சொக்கியது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

வெளியே வந்து ஷூ போடும்போது பேசிக்கொள்கிறார்கள்.

"நீ எத்தன?"

"ஆறு."

"போடி, நீ கண்ண மூடி நடிச்ச."

"நடிச்சா காலு உதறுமா? நீ வேணா பிரவுன் பெல்ட் அக்காவக் கேளு. மாஸ்டர் ஆறு எண்ணுற வரைக்கும் தூங்கினேன்."

கேட்டுக்கொண்டிருந்த குருவி, "நான் அடுத்த வாரம் பத்துத் தூங்குவேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு என்ன பேரு?" என்றாள். அவள்தான் இரண்டு மாதமாக என்னைப் 'பதிவு அக்கா' என்று கூப்பிடுகிறவள்.

மேஜையில் ஒரு பவுடர் டப்பா இருக்கும். தீர்ந்தால் நிரப்புவது என் வேலை. வியாழக்கிழமை பிள்ளைகள் முகத்தில் பூசியே தீர்ந்துவிடும். ஏன் என்று இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை.

இன்னொன்று. மாஸ்டரின் மனைவியைத்தான் மேடம் என்கிறேன். அவர்தான் கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர். வாசலில் அவர் போட்டோ, அதன் கீழே 'உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு'. யாருக்காவது அடிபட்டால் எழுத ஒரு நிகழ்வுப் பதிவேடு இருக்கிறது. அதைத் திங்கட்கிழமை காலையில் என்னிடம் கொடுப்பார். "வாரம் பூராவும் இப்பவே எழுதி வெச்சிடும்மா, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்பார். நானும் ஆறு நாளுக்கும் தேதி போட்டு 'நிகழ்வு எதுவும் இல்லை' என்று எழுதிவிடுவேன். முதல் தடவையாக ஒருவர் என் கையெழுத்தைப் புகழ்ந்தார், அக்கா. அந்தச் சந்தோஷத்தில், இன்னும் வராத வியாழக்கிழமைக்கு எட்டு வாரம் எழுதியிருக்கிறேன்.

நீ பதில் எழுது. ஏன் என்று கேட்காதே என்று மட்டும் எழுதாதே.

பூச்சி

ஜூன் 20

பூச்சி,

இந்தக் கடிதம் கிடைத்ததும் வேலையை விட்டுவிடு. அம்மா சத்தம் போடுவாள், போடட்டும். இங்கே வந்துவிடு. வார்டன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாகிறது. என் பிரிவிலேயே ஆள் எடுக்கிறார்கள். நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டாம், உனக்கென்றே படைத்த வேலை.

பழைய பதிவேடுகளைத் திறக்காதே. அந்தப் பிள்ளையிடம் எதுவும் கேட்காதே.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். ஒரு தடவை தூங்கி எழுந்தால் பயம் போய்விடும், பயம் போனவன்தான் ஜெயிப்பான் என்பார். அது பொய் இல்லையடி. உண்மையிலேயே போய்விடும். எனக்குப் போனது. இங்கே ரோட்டைக் கடக்கும்போது நான் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை. லாரி வந்தால் லாரி வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். அறைத்தோழிகள் முறை வைத்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள். போன மாதம் அடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேனாம், ஒருத்தி கத்திய பிறகுதான் எடுத்தேன். போன பயம் திரும்பி வரும் என்று காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

உனக்கு இருக்கிற பயம் நல்ல பயம். அதை எடுத்துக்கொண்டு இங்கே வா.

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வேலையை விடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாத. மாஸ்டர் கூப்பிடலைன்னா நீ இன்னும் அந்தச் சுவத்தத்தான் பாத்துட்டு இருப்ப" என்றாள். காரணம் கேட்டாள். சொல்ல ஆரம்பித்து, 'வியாழக்கிழமை' என்பதோடு நின்றுவிட்டேன். "பாத்தியா, காரணமே இல்ல" என்று போய்விட்டாள்.

நேற்று ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். குருவி பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்துவிட்டாளாம். தினமும் நடக்கிற தெரு. ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் ஏற்கெனவே கொடுத்த புகாரை மேடம் திருப்பித் தந்தார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

"படிவம் முழுமையா இல்ல சார். கடைசிக் கோட்டுல கையெழுத்து இல்ல பாருங்க."

"அது யாரு போடணும்?"

"பயிற்சியாளர்."

"புகாரே அவரு மேலதானேம்மா?"

"இருக்கட்டுமே சார். எதுக்கும் ஒரு முறைன்னு இருக்குல்ல."

அவர் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கடையில நாள் முழுக்க படிவம்தாம்மா நகல் எடுக்கறேன். இப்படி ஒண்ணப் பாத்ததில்ல" என்றார். அதற்குள் குருவி வந்து, "அப்பா, என்ன நிறுத்திடாதப்பா, போட்டிக்கு என்னத்தான் எடுத்திருக்காங்க" என்று அழ ஆரம்பித்தாள். மேடம் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அது மூச்சுப் பயிற்சி, முதலில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். மனுஷன் மகள் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மேஜையிலேயே விட்டுப்போன அந்தப் படிவத்தை டிராயரில் வைக்கச் சொன்னார் மேடம். அங்கே இன்னும் இரண்டு இருந்தன. எல்லாவற்றிலும் 'முழுமையாக இல்லை'. அடியில் பழைய பதிவேடு.

நீ திறக்காதே என்றாய். திறந்துவிட்டேன்.

உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? பக்கம் பக்கமாக 'நிகழ்வு எதுவும் இல்லை'. எனக்கு முன்னால் நீ எழுதியிருக்கிறாய். 'நிகழ்வு' என்பதை நான் எழுதுவதும் நீ எழுதுவதும் ஒரே மாதிரி இருக்கிறது, நீ சொல்லிக் கொடுத்த எழுத்துதானே. ஒரு கணம் நான் எழுதி மறந்துபோனதுதானோ என்று பயந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வாரத்தில் ஒரு தாளைக் கிழித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வேறொரு தாள் ஒட்டியிருக்கிறது. 'மேற்படி உறுப்பினர் தண்ணீர் சிந்திய இடத்தில் தானாக வழுக்கி விழுந்தார். நான் நேரில் பார்த்தேன்.' கீழே உன் கையெழுத்து.

அது யார், அக்கா? அவள் வழுக்கியா விழுந்தாள்?

பூச்சி

ஜூன் 28

என் செல்லப் பூச்சிக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அவள் பெயர் உனக்கு வேண்டாம். நாங்கள் ரெட்டைச்சடை என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயது. எப்போதும் என்னோடுதான் ஜோடி சேருவாள். "உங்க கூடன்னா வலிக்காதுக்கா" என்பாள்.

அன்றைக்கு மாஸ்டர் பத்து எண்ணச் சொன்னார். கழுத்தை இறுக்கி மயங்கவைக்கும் பிடி, அதைத்தான் அங்கே தூங்குவது என்போம், அந்தச் சிவப்புப் புள்ளியும் அதில் வருவதுதான். நான்தான் பிடித்திருந்தேன். மூன்றிலேயே அவள் என் முன்னங்கையில் தட்டினாள். இரண்டு தட்டு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "கணக்கு முடியட்டும்மா" என்றார், அவ்வளவு அன்பாக. அவள் திரும்பத் தட்டினாள். நான் எண்ணினேன். அவசரப்படாமல், ஒன்றைக்கூட விழுங்காமல், பத்துவரை ஒழுங்காக எண்ணினேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. அவசரமாகவாவது எண்ணியிருக்கலாம்.

மற்றவர்கள் எழுந்த மாதிரி அவள் எழவில்லை. ரொம்ப நேரம் ஆனது. எழுந்த பிறகும் அவள் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பேச்சும் இழுத்தது. அவள் அப்பா புகார் கொடுத்தார். மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நீ பிடிச்ச பிடிதானேம்மா, உனக்காகத்தான் இத எழுதறோம்" என்றார். உண்மைதானே, நான் பிடித்த பிடிதானே. அவர்கள் வீட்டைக் காலி செய்து போன வாரத்தில்தான் நானும் கிளம்பினேன்.

அந்தத் தட்டு என் கையிலேயே இருக்கிறது. பெட்டி அடுக்கும்போது முன்னங்கையில் இரண்டு தடவை யாரோ தொடுவார்கள். பக்கத்தில் இருப்பவள் பெட்டிகள் நகரும் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பாள். நான் கையை விட்டுவிடுவேன், பெட்டி விழும். மேற்பார்வையாளர் திட்டுவார். இப்போது என் பெயரே 'ஓட்டைக்கை'.

பூச்சி, அந்தத் தாள் வெளியே போனால் அதோடு நானும் போவேன். மாஸ்டருக்கு வக்கீல் இருப்பார், மேடத்துக்குப் படிவம் இருக்கும். எனக்கு என்ன இருக்கிறது? உன் கையால் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு வந்துவிடு. நான் உன் அக்கா. இதுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

ஜன்னல் கட்டிலில் என் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மேடம் பதிவேட்டைக் கொடுத்தார். செவ்வாய், புதன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். வியாழனுக்குத் தேதி மட்டும் போட்டேன், அதற்கு மேல் பேனா போகவில்லை. மூடிக் கொடுத்துவிட்டேன், அவர் பார்க்கவில்லை.

நேற்று குருவி உள்ளே போகும்போது, "இன்னைக்குப் பத்து" என்று விரல்களை விரித்துக் காட்டினாள். கதவைச் சாத்தினார்கள். சத்தம் இல்லை. மாஸ்டர் எண்ணுவது கேட்டது. ஒன்று. இரண்டு. நீ மூன்று என்று எழுதியிருந்தாயே, அந்த மூன்று வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய உதடும் எண்ணிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல், ஒரே சமயத்தில். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் தடித்த கம்பளி விரித்திருந்தது. அதன்மேல் பிரவுன் பெல்ட் பெண்ணின் கைக்குள் குருவி. அவள் கை தட்டிக்கொண்டுதான் இருந்தது, அக்கா. தட்டித் தட்டிப் பார்த்தது. கம்பளி சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் தட்டியிருக்கிறார்கள். நான் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஓடிப்போய் அந்தப் பெரிய பெண்ணின் முதுகில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் சட்டென்று விட்டுவிட்டாள். யோசித்து விடவில்லை. தட்டினால் விட வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. விட்ட பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாஸ்டர் கோபப்படவே இல்லை. சிரித்தார். "வாம்மா. நீயா என்னைக்கு உள்ள வருவேன்னுதான் பாத்துட்டிருந்தேன். உக்காரு. உங்க அக்கா எவ்ளோ அழகா எண்ணுவா தெரியுமா?" என்றார். வட்டத்தில் இரண்டு பிள்ளைகள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் முழங்கால் மடங்கப் பார்த்தது. அந்தக் குரல் அப்படி.

குருவி இருமினாள். அந்த இருமலில் எனக்குத் தெளிந்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், பதிவேட்டையும் பழையதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன், செருப்புக்கூடப் போடாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவள் அப்பா என் முகத்தைப் பார்த்தார், மகள் கண்ணைப் பார்த்தார், கடையில் நின்றிருந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டார். நல்ல வேளை, குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரியே என் பெயரைச் சொல்லி, தன் ஷூவைக் கிளப்பிலேயே விட்டுவிட்டேன் என்று என்னைத் திட்டினாள்.

இன்று காலை அவரும் நானும் ஜூடோ சங்க அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் ஒரு சின்ன அறை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா மேஜையில் இருந்தார். பயிற்சியாளர் கையெழுத்து இல்லை என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். "அது எதுக்கு? எங்க படிவத்துல அப்படி ஒரு கோடே கிடையாதே" என்று அவர் தன் படிவத்தை எடுத்துக் காட்டினார். கிடையாதுதான். அந்தக் கோடு மேடம் போட்டது.

அவர் கேட்டதற்கெல்லாம் எனக்குப் பேச வரவில்லை. தாள் கேட்டு வாங்கி எழுதினேன். நான் பத்து வாரம் பொய் எழுதியதை முதலில் எழுதினேன். பழைய பதிவேட்டில் ஒட்டியிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர், "இந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு? யாருக்காவது தெரியுமா?" என்றார். ரெட்டைச்சடையின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நீ என்ன கேட்டாய் என்று எனக்கு மறக்கவில்லை. நீ துண்டு போட்டு வைத்திருக்கிற கட்டிலையும் நினைத்தேன். இனிமேல் அங்கே நீ என்னைக் கூப்பிடுவாயா என்று தெரியவில்லை. அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. நீயும் பேசாமல் போனால் எனக்கு எழுதுவதற்கு ஆளே இருக்காது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'நேரில் கண்டவர்கள்' என்று இரண்டு கோடு போட்டிருந்தது. முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது கோட்டில் உன் பெயரையும், உன் விடுதி முகவரியையும் முழுதாக எழுதி, அந்த அம்மா பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பூச்சி